பாஞ்சாலைக்கு வைத்திருந்த தே

சேசு மரி சூசை

மேல் பிரிவு லயம், கேமரன் மலை
12 ஜனவரி 1980

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு அக்கா மதலேனாள் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் விஷயம், மற்றதெல்லாம் பிறகு. மூத்த பேரன் பெலிக்ஸ் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டிரெசர் வேலைக்கு எடுபட்டுவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறான். கீழ் லயத்துக்காரர்கள் இப்போது அவனிடம்தான் ஊசி போட்டுக்கொள்வோம் என்று அடம் பிடிக்கிறார்களாம். பேத்தி ரெஜினாவுக்கு ஈப்போவில் வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நம் பிரிவிலிருந்து போகும் முதல் பெண். என் கடைசி மகன் சூசைராஜ் கோலாலம்பூரில் எஞ்சினீயருக்குப் படிக்கிறான், இது மூன்றாம் வருஷம். சின்னப் பேத்தி அருள், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது. முதலில் வந்தவளுக்குக் கால் நீளம், அது நியாயமில்லை. ஆபீஸ் கிராணி சுப்பிரமணியத்தின் மகன் மட்டும் இந்த வருஷமும் பெயில். நான் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன்.

எல்லாருக்கும் மேலே நீ. நீ பரதேசியாகப் போய் இறங்கிய தீவிலேயே உன்னை எழுபத்திரண்டில் மேற்றிராணியார் ஆக்கினார்கள். இப்போது அதிமேற்றிராணியார். பேப்பரில் பேராயர் என்று போட்டிருந்தது. இரண்டும் ஒன்றுதானாம், ஆனால் நான் நீளமானதைத்தான் சொல்கிறேன். உன்னை இனி "ஆண்டவரே" என்று எழுத வேண்டுமாம், நம் உபதேசியார் தங்கையா சொல்கிறார். தொட்டிலில் ஆட்டின கைக்கு அது வரவில்லை.

பதவியேற்பு விழா மலரில் போட உன் பிறப்பைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றாமல் போடு.

முப்பத்தைந்தாம் வருஷம் பிப்ரவரி மாதம். எனக்குப் பதினொரு வயது. மழையே இல்லை. லயத்துக் கோடியில் இருந்த குழாய் வறண்டு மூன்று நாள். அப்பா கங்காணியோடு காடு வெட்டப் போயிருந்தார். அம்மாவுக்கு வலி கண்டது, பக்கத்து அறைப் பாஞ்சாலைதான் வந்து பார்த்தாள். நீ பிறந்தாய். அழவில்லை. நாவற்பழ நிறத்தில் கிடந்தாய். அம்மாவுக்கு நினைவில்லை. சாமியார் இருந்ததோ மலைக்குக் கீழே தாப்பாவில். நாங்கள் கப்பல் ஏறுமுன் ஊரில் ஐந்தாம் வகுப்பில் கன்னியர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பிள்ளை சாகக் கிடந்தால், குரு இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று. பானையைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுப்போரம் மங்குக் கிண்ணத்தில் தேயிலை போட்ட தே இருந்தது. அதை எடுத்து உன் தலையில் ஊற்றி, "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றேன். நீ வீறிட்டு அழுதாய்.

இரண்டு மாதம் கழித்து பிரெஞ்சுச் சாமியார் மலையேறி வந்தார். "ஊற்றினாயா? வார்த்தை சொன்னாயா?" என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். "இதற்கு மேல் நான் செய்ய ஒன்றுமில்லை" என்று எண்ணெய் மட்டும் பூசி, புத்தகத்தில் உன் பெயரை எழுதினார். எனக்கு ஒரு மாதா சுரூபம் கொடுத்தார்.

தேயிலையால் ஞானஸ்நானம் பெற்ற ஒரே அதிமேற்றிராணியார் உலகத்திலேயே நீதான் என்று மலரில் பெரிய எழுத்தில் போடு.

உன் அக்கா,
மதலேனாள்

*

ஆயர் இல்லம்
2 பிப்ரவரி 1980

அன்புள்ள அக்கா,

மலர் அச்சுக்குப் போவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. நீங்களும் இந்தச் சம்பவத்தை இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் ஊற்றியது தண்ணீர் என்றுதான் நாற்பத்தைந்து வருஷமாக நான் நினைத்திருந்தேன். பிரெஞ்சுச் சாமியாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

எனக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். அது தேயேதானா, அல்லது தேயிலை போட்டுக் கொதித்து வெளுத்துப்போன தண்ணீரா? கடுமையாக இருந்ததா? பால் சர்க்கரை ஏதாவது கலந்திருந்ததா? பிறகு யாராவது வேறு தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தைகளைச் சொன்னார்களா?

நிதானமாக யோசித்து, நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

இன்னாசி

*

சேசு மரி சூசை

மேல் பிரிவு லயம்
19 பிப்ரவரி 1980

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. ரெஜினா ஈப்போவுக்குக் கிளம்பும்போது உன் ஆசீர்வாதம் வரும் என்று காத்திருந்து போனாள்.

நீ எதற்காக இப்படிக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா கோவில் சாமியாரிடம், யாரோ ஒருவருக்கு நடந்த மாதிரி கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தண்ணீர் மட்டும்தான் பாட்டி. வேறு எதை ஊற்றினாலும் அது ஞானஸ்நானம் ஆகாது. ஞானஸ்நானம் இல்லாதவன் குருவாகவும் முடியாது, அவன் வைத்த பூசையும் பூசை ஆகாது" என்றார். பூசை முடிந்து வெளியே வந்தவளுக்குப் படி இறங்கத் தெரியவில்லை. பெலிக்ஸ்தான் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து நன்றாக யோசித்துப் பார்த்தேன். போன கடிதத்தில் தப்பாக எழுதிவிட்டேன். வயதாகிவிட்டது அல்லவா. அது தண்ணீர்தான். பானையின் அடியில் கொஞ்சம் இருந்தது. தே என்று எழுதியது சும்மா, மலருக்கு அழகாக இருக்குமே என்று.

தண்ணீர்தான். மலரில் தண்ணீர் என்றே போடு.

மதலேனாள்

*

ஆயர் இல்லம்
6 மார்ச் 1980

அக்கா,

நான் உங்களை நம்பத்தான் ஆசைப்படுகிறேன். உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். முதல் கடிதத்தில் பானையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டாவதில் அதே பானையின் அடியில் தண்ணீர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீங்கள் சாமியாரைப் பார்த்திருக்கிறீர்கள்.

மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் ஊற்றியது தே என்றால் நான் குரு இல்லை. பத்தொன்பது வருஷமாக இந்தத் தீவில் நான் கேட்ட பாவசங்கீர்த்தனங்களில் யாருக்கும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. நான் குருப்பட்டம் கொடுத்த பதினொரு பேரும் குருக்கள் இல்லை. அவர்கள் மலைக் கிராமங்களில் தினமும் பூசை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி எனக்குப் பதவியேற்பு. "கப்பலில் வந்திறங்கிய தமிழனுக்கா இந்த ஆசனம்?" என்று கேட்பவர்கள் இங்கே பாதிப் பேர். இந்தச் செய்தி தெரிந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கும் பயப்படுகிறேன்.

பாஞ்சாலையக்கா உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

இன்னாசி

*

மேல் பிரிவு லயம்
24 மார்ச் 1980

இன்னாசிக்கு,

என்னைப் பொய்க்காரி என்கிறாய். எழுது, நன்றாக எழுது, பெரிய படிப்புப் படித்தவன்.

பாஞ்சாலை உயிரோடுதான் இருக்கிறாள், கோலா தெர்லாவில் மகன் சுப்பனோடு. முட்டைக்கோஸ் போடுகிறார்கள். நான் போக மாட்டேன். அவளுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. தன் பேரனையே யாரென்று கேட்கிறவளிடம், போன ஜென்மத்துக் கதையைக் கேட்கச் சொல்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். நீ செத்துக் கிடந்தாய். நான் ஊற்றினேன். நீ அழுதாய். அது ஆண்டவர் செய்யாமல் யார் செய்தார்கள்? பதினொரு வயதுப் பிள்ளையின் கையை ஏற்றுக்கொண்டவர் அதில் என்ன இருந்தது என்று மோந்து பார்த்தாரா?

அம்மா போன பிறகு பினாங்கு குருமடத்துக்கு உன்னை அனுப்ப வேண்டும் என்று கொழுந்து மூட்டையை யார் சுமந்தது? கொட்டுகிற மழையில் யார் நின்றது? உன்னை நான் ஆக்கினேன். இப்போது உன்னை நானே அழிக்க ஒரு கடிதம் எழுத வேண்டுமா? மாட்டேன்.

தண்ணீர்தான். சத்தியமாகத் தண்ணீர்தான். இதற்கு மேல் கேட்டு எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மதலேனாள்

*

ஆயர் இல்லம்
9 ஏப்ரல் 1980

அக்கா,

இதைப் பிரிப்பீர்களோ, தெரியாது.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் பூசை வைக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய வெள்ளி, பாஸ்கா எல்லாம் போயிற்று. நானும் பொய் சொல்கிறேன், உங்களைப் போலவே.

செவ்வாய்க்கிழமை காலையில் துறைமுகத்தில் மீன் விற்கும் ஒரு கிழவி சாகக் கிடக்கிறாள் என்று ஆள் வந்தது. இந்தத் தீவில் என் கையைப் பிடித்து முதன்முதலாக வீட்டுக்குள் கூட்டிப் போய்ச் சோறு போட்டவள். என்னைத்தான் கேட்டாளாம். நான் எழுந்தேன், செருப்புப் போட்டேன், வாசல் வரை போனேன். நான் போய்க் கையைத் தூக்கினால் அது வெறும் கையாக இருந்தால் என்ன செய்வது? பட்டணக் கோவிலிலிருந்து வேறு குருவை அனுப்பினேன். அவர் போய்ச் சேருமுன் அவள் போய்விட்டாள். என்னைக் கேட்டுக்கொண்டே போனாளாம்.

மே பதினெட்டாம் தேதி மூன்று பேருக்கு நான் குருப்பட்டம் கொடுக்க வேண்டும். அவர்கள் தாய்மார்கள் இப்போதே உடுப்புத் தைக்கிறார்கள்.

என்னை ஆக்கியது நீங்கள்தான். அதை யாரும் எடுத்துவிட முடியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். என்னைக் காப்பாற்றாதீர்கள் அக்கா. நடந்ததைச் சொல்லுங்கள்.

இன்னாசி

*

சேசு மரி சூசை

மேல் பிரிவு லயம்
23 ஏப்ரல் 1980

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு,

பிரித்தேன். மூன்று நாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்து பிரித்தேன். அந்த மீன்காரம்மா பெயரைக்கூட நீ எழுதவில்லை. எழுது, பூசைக்குக் கொடுக்க வேண்டும்.

நேற்று காய்கறி லோரி ஒன்றில் ஏறி கோலா தெர்லா போனேன். பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டாள். பேரனைத் தெரியாதாம், என்னைத் தெரிகிறது.

"யாரு, மதலேனாவா? என்னாடி, பேரப் புள்ளைங்க பவுச பாட லோரி ஏறி வந்துட்டியா?"

"இல்லக்கா. இன்னாசி பொறந்த அன்னிக்கு நடந்தது ஞாவகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? விடியக்காலைலேர்ந்து ஒங்கம்மாவோட மல்லுக்கட்டிட்டு, எனக்குன்னு வச்சிருந்த தேயக் குடிக்கலாம்னு திரும்புறேன், நீ அத புள்ள தலையில கவுத்துட்டு நிக்கிற! ஒன்ன அறையணும்னு கைய ஓங்கினேன். அதுக்குள்ள அவன் கத்திட்டான், பொழச்ச நீ."

நான் ஒரு தடவை முயன்று பார்த்தேன், தம்பி. மறைக்காமல் சொல்கிறேன்.

"அது தண்ணி மாரிதானே இருந்துச்சு? வெளுத்த தேதானே?"

"வெளுத்ததா? பேறு பாக்க வந்தவளுக்கு வெளுத்த தே குடுப்பாங்களா, அதுவும் ஒங்கம்மா? தொரை பங்களாவுலேர்ந்து கேட்டு வாங்கி வச்ச தூளுடி. கருகருன்னு, கெட்டியா. கருப்பட்டி வேற கரைச்சிருந்துச்சு. சாயங்காலம் புள்ள தலையில எறும்பு மொச்சிருச்சு, நான்ல ஒண்ணொண்ணா எடுத்தேன். மறந்துட்டியா?"

"வேற தண்ணி ஊத்துனோமாக்கா, பொறவு?"

"தண்ணி ஏதுடி? எண்ணெயப் போட்டுத் தொடச்சு வச்சேன். நாலாம் நாளுதான் கொழாயே வந்துச்சு. எதுக்கு இப்ப இதெல்லாம்? அவன்தான் பெரிய சாமியா ஆயிட்டானே லா!"

அவள் தன் மடியிலிருந்து ஒரு பிடி பட்டாணியை அள்ளி என் முந்தானையில் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

மறந்துவிட்டேன் என்று உனக்கு எழுதலாம். எழுத மாட்டேன். எறும்பை நானும் எடுத்தேன். உன் உச்சியில் சிவப்பு எறும்பு. எடுக்க எடுக்க வந்தது. எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் கடிதத்தில் கருப்பட்டியை எழுதாமல் விட்டது அது அழகில்லை என்பதால். மற்றக் கடிதங்களில் எழுதியது பொய். சத்தியம் என்று எழுதியதும் பொய். அதற்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேன்.

ஆகவே, கட்டித் தே. கருப்பட்டி. பால் இல்லை. தண்ணீர் ஊற்றவில்லை. வார்த்தை சரியாகச் சொன்னேன், அது மட்டும் சரி.

இதை எழுதி முடித்துத் தங்கையாவிடம் கையெழுத்துக்குச் சாட்சி கேட்டேன். ரோமாபுரிக்குத் தேவைப்படும் என்று நினைத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். தாளைத் தனியாக வைத்திருக்கிறேன்.

நீ என்ன செய்ய வேண்டுமோ செய்.

அக்கா
மதலேனாள்

*

ஆயர் இல்லம்
16 நவம்பர் 1980

அன்புள்ள அக்கா,

ஆறு மாதமாக நான் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று இல்லை. உங்கள் முதல் கடிதத்துக்காக எனக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் வந்ததில்லை. தண்ணீர் என்று சத்தியம் செய்த கடிதத்துக்காக வந்தது. அது தணிய நாள் ஆயிற்று. இப்போது இல்லை.

உங்கள் தாளும் தங்கையாவின் கையெழுத்தும் ரோமாபுரிக்குப் போயின. மே பதினெட்டு நடக்கவில்லை. ஜூன் இருபத்தொன்பதும் நடக்கவில்லை. ரோமாபுரியிலிருந்து பதில் வர ஆகஸ்ட் ஆயிற்று. ஓசையில்லாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்துகொள்ளச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற பழைய பேராயருக்குக் கை நடுங்குகிறது. அவர் என் தலையில் ஊற்றியதில் பாதி என் கழுத்துக்குள் போயிற்று. நாற்பத்தைந்து வயதுக்காரன் சிறுபிள்ளை மாதிரி தலையைக் குனிந்து நின்றேன். பிறகு உறுதிபூசுதல், குருப்பட்டம், ஆயர் பட்டம். மூன்று நாளில் முடிந்தது.

நான் பட்டம் கொடுத்த பதினொரு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பத்துப் பேர் மறுபடி முழந்தாளிட்டார்கள். ஒருவன் மேலங்கியைக் கழற்றி என் மேசையில் மடித்து வைத்துவிட்டுப் போனான். அவன் இன்னும் வரவில்லை.

ஓசையில்லாமல் என்றார்கள். என்னால் முடியவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அனுமதி வாங்கி, நடந்ததை எழுதி ஞாயிறு பூசையில் நானே படித்தேன். முன் வரிசையில் பாதி எழுந்து போயிற்று. பேப்பரில் கேலிப்படம் போட்டார்கள், நான் தேக்குவளைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கோவிலை விட்டு வெளியே வந்தபோது ஒரு மீன்காரன் வழியை மறித்தான். அடிப்பான் என்று நினைத்தேன். "அப்படியானால் எங்கள் ஊர்த் தண்ணீரில்தான் பிறந்திருக்கிறீர்கள்" என்றான். செத்துப்போன அந்தக் கிழவியின் மகன். அவள் பெயர் மார்த்தா. நீங்கள் கேட்டீர்களே.

போன ஞாயிறு பதவியேற்றேன். மலர் அச்சிடவில்லை.

உங்கள் ஞானஸ்நானத்தை நான் தள்ளிவிட்டேன் என்று உங்களுக்கு வருத்தமா? எனக்குத் தெரிய வேண்டும்.

ரெஜினாவுக்கும் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். இது செல்லும்.

உங்கள் தம்பி,
இன்னாசி

*

சேசு மரி சூசை

மேல் பிரிவு லயம்
7 டிசம்பர் 1980

அன்புள்ள தம்பி அதிமேற்றிராணியார் இன்னாசிக்கு,

மார்த்தா அம்மாவுக்கு மூன்று பூசை கொடுத்தேன். உன் ஆசீர்வாதத்தை ரெஜினாவுக்கு எழுதி அனுப்பினேன்.

வருத்தமா என்று கேட்டாய். வருத்தம்தான். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி அரிசி டின்னுக்குள் வைத்தேன். மறுநாள் காலை கொழுந்து நிறுவை அறைக்குப் பக்கத்தில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் கொட்டுகிறது. கையை நீட்டினேன். அன்றைக்கு இது வந்திருந்தால், என்று நினைத்தேன். அவ்வளவுதான். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம், இங்கே புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார் திருச்செல்வமும் அவர் மனைவி குணவதியும் வீட்டுக்கு வந்தார்கள். நம் முன்னறையில் நீ மேற்றிராணியார் ஆனபோது எடுத்த படம் மாட்டியிருக்கிறது. அந்தப் பெண் கையைக் காட்டி, "இது யாரும்மா?" என்றாள்.

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். "நான் ஞானஸ்நானம் குடுத்த புள்ள. இன்னிக்கு என்னா ஆயிருக்கான் பாருங்க!" வாய் தானாகத் திறந்தது. பெலிக்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தம்பி" என்றேன். பலகாரத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழற்றி என் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். அதில் இருக்கிறவன் நான் தே ஊற்றின பிள்ளை, எனக்கு மட்டும். அவனை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இப்போது சுவர் வெறிச்சென்று இருக்கிறது. வருகிறவர்கள் ஆணியைப் பார்க்கிறார்கள். ஆகவே புதிதாக ஒரு படம் எடுத்து ஏர் மெயிலில் அனுப்பு. கிறிஸ்துமசுக்கு வந்து சேராவிட்டால் பரவாயில்லை, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் வரட்டும். மடங்காத அட்டை வைத்து அனுப்பு. அந்த உயரமான தொப்பி வேண்டாம். தலை தெரிகிற மாதிரி எடு.

அக்கா
மதலேனாள்